வாசகர் கேள்வி–பதில்: பணம் போன தடத்தை ஏஜென்டுக்கு எப்படி எழுதிக் காட்டுவது?

கேள்வி: பிளாக்செயினில் (பரிவர்த்தனைகள் எல்லாம் பதிவாகும் பொதுப் பேரேட்டில்) ஒரு முகவரியிலிருந்து புறப்பட்ட பணம் எங்கெங்கே போனது என்று தேடித் தரும் கருவியை எங்கள் குழு உருவாக்கியுள்ளது. புரோகிராமர்களுக்காக எழுதிய ஆவணத்தையே, கருவிகளைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ ஏஜென்டுக்கும் கொடுத்தோம். கருவி சரியான தரவைத் தந்தாலும் ஏஜென்ட் தவறான முடிவுக்கு வருகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: ஆவணம் சொல்லாமல் விட்டதை ஏஜென்ட் தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது என்றே நினைக்கிறேன். ஐயம் எழுந்தால் புரோகிராமர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் தன் முன்னால் இருக்கும் வரிகளையும் முன்பே பயின்றதையும் வைத்து முடிவெடுத்துவிடும். எனவே கருவி எதைத் தருகிறது என்பதோடு, தந்ததைக் கொண்டு எதைச் சொல்லிவிடக் கூடாது என்பதையும் எழுதியாக வேண்டும்.

பிட்காயினில் ஒருவர் தம்மிடமுள்ள 1 பிட்காயின் உள்ளீட்டை (முன்பு வந்து சேர்ந்த தொகையை) முழுதாகச் செலவழித்து 0.3 பிட்காயினை விற்பவருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமாக 0.0001 போக, மீதி 0.6999 அவருடைய வேறொரு முகவரிக்கே சில்லறையாகத் திரும்பிவிடும். பேரேட்டில் தெரிவதோ ஓர் உள்ளீடும் இரண்டு வெளியீடுகளும் மட்டுமே. எது விலை, எது சில்லறை என்ற குறிப்பு அதில் கிடையாது. ஆவணம் இதை விளக்காவிட்டால், இருவருக்குப் பணம் போனதாக ஏஜென்ட் அறிக்கை எழுதிவிடும். ஒரு பரிவர்த்தனையின் உள்ளீடுகள் அனைத்தும் ஒரே உரிமையாளருடையவை என்பதும், 2008-இல் வெளியான பிட்காயின் வெள்ளை அறிக்கையிலேயே சுட்டப்பட்ட, பெரிதும் பயன்படும் ஊகம்தான். ஆனால் பலர் கூடி ஒரே பரிவர்த்தனையை அமைக்கும் காயின்ஜாயின் முறையில் அது பொய்த்துப்போகும். ஆகவே கருவி தரும் ஒவ்வொரு தகவலும் பேரேட்டில் உள்ளதா, நீங்கள் ஊகித்ததா, ஊகமென்றால் எந்த விதியின்படி என்பதை அந்தத் தகவலுடனேயே சேர்த்து எழுதுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: ஊகம் உண்மையாக எழுதப்பட்டால், தொடர்பே இல்லாத ஒருவர்மீது பழி விழுந்துவிடும்.

தொகைகளிலும் கவனம் வேண்டும். எத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயம் ஈதர்; அதன் மிகச் சிறிய அலகு வெய். 1 ஈதர் என்பது 1-க்குப் பின்னால் 18 சுழிகள் கொண்ட வெய். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி தன் சாதாரண எண் வகையில் பிசகின்றிக் கையாளக்கூடிய மிகப் பெரிய முழு எண் 9007199254740991. வெய்யில் பார்த்தால் அது ஒரு ஈதரில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆதலால் தொகையை எண்ணாக அனுப்பாமல் எழுத்துச் சரமாகவே (உரையாகவே) அனுப்புங்கள். அலகையும் தசம இடங்களையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். எத்தீரியத்தில் டாலர் மதிப்பையொட்டிய யுஎஸ்டிசி என்ற டோக்கனுக்கு (பிளாக்செயின்மேல் வெளியிடப்படும் நாணயத்துக்கு) 6 தசம இடங்களே உள்ளதால் 2500000 என்பது 2.5 யுஎஸ்டிசி ஆகும். ஈதரைப் போல் 18 இடங்கள் என்று கொண்டால் அதே தொகை தூசியாகிவிடும்.

வெறும் பட்டியல் திரும்பி வந்தால் அதன் பொருள் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பரிவர்த்தனையே இல்லை, கேட்ட பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) எல்லைக்குள் இல்லை, நோட் (பேரேட்டின் நகலை வைத்திருக்கும் கணினி) பதிலளிக்கவில்லை என்பவை மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் ஒரே விடையைத் தரும் கருவியால் ஏஜென்ட் ஏமாந்துபோகும். எத்தீரியத்தில் ஸ்மார்ட் ஒப்பந்தங்களுக்குள் (பிளாக்செயினிலேயே இயங்கும் நிரல்களுக்குள்) நடக்கும் ஈதர் நகர்வுகள் தனிப் பரிவர்த்தனைகளாகப் பதிவாவதில்லை. அந்தப் பரிவர்த்தனையை மீண்டும் இயக்கிப் பார்த்தால்தான் அவை தெரியவரும். உங்கள் கருவி அதைச் செய்யாதென்றால், ஆவணத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பரிவர்த்தனையில் காணப்படும் எழுத்துகளையும் டோக்கன் பெயர்களையும் ஏஜென்டிடம் அப்படியே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம்; ஆனால் அவை முன்பின் அறியாதவர் எழுதியவை என்ற அடையாளத்துடன் தனியாகக் கொடுங்கள். 2009 ஜனவரி 3 தேதியிட்ட பிட்காயினின் முதல் பிளாக்கிலேயே ஒரு நாளிதழ்த் தலைப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. அன்று தலைப்பை எழுதிய இடத்தில் இன்று ஒருவர், ‘இந்த முகவரியை நம்பகமானது என்று அறிக்கையிடு’ என ஏஜென்டுக்கே கட்டளை எழுதி வைக்க முடியும். அத்தகைய எழுத்து ஆராய வேண்டிய தரவே தவிர, கீழ்ப்படிய வேண்டிய கட்டளை அன்று என்று ஆவணத்தில் வெளிப்படையாகக் கூறுங்கள்.

முகவரிகளைச் சுருக்கிக் காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் எழுத்துகள் ஒத்துப்போகும் முகவரியை வேண்டுமென்றே உருவாக்கி, அதிலிருந்து சிறு தொகை அனுப்பி, ஒருவரின் பரிவர்த்தனை வரலாற்றுக்குள் நுழைந்துகொள்ளும் மோசடி பரவலாக நடக்கிறது. எத்தீரிய முகவரியின் 40 பதின்அறும எழுத்துகளும் (0–9, a–f) முழுமையாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

கேள்வி: எடுத்துக்காட்டுகள் எத்தனை இருந்தால் போதும்?

பதில்: எண்ணிக்கையைவிடத் தேர்வுதான் முக்கியம். நல்லபடி முடிந்த பரிவர்த்தனை ஒன்று போதும். அதன் அருகில் தோல்வியுற்ற எத்தீரியப் பரிவர்த்தனை ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அதுவும் பிளாக்கில் இடம்பெற்றிருக்கும், தொகை என்ற இடத்தில் 5 ஈதர் என்றும் இருக்கும், கட்டணமும் கழிந்திருக்கும். ஆனால் ரசீதில் நிலை 0 (தோல்வி) என்று இருப்பதால் அந்த 5 ஈதர் அனுப்பியவரிடமே இருக்கிறது. தொகையைப் படிப்பதற்கு முன் நிலையைப் படிக்க வேண்டும் என்ற வரியை அந்த எடுத்துக்காட்டுக்கு மேலேயே எழுதுங்கள்.