சணல் ஆலையும் பனங்கூடலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிளாஸ்டிக் பை மலிவு. பிறகேன் இந்தியா சணல் சாக்கை விடாமல் வைத்திருக்கிறது? (வெங்காய வியாபாரி, சுன்னாகம்)

சட்டம் இருக்கிறது, அதுதான். 1987ஆம் ஆண்டுச் சணல் பொதியிடல் சட்டத்தின் கீழ், உணவுத் தானியம் முழுவதையும் சீனியில் 20 சதவீதத்தையும் சணல் சாக்கில் கட்டவேண்டும் என்று அங்கே அரசு உத்தரவிட்டு வருகிறது. தானியம் கொள்வனவு செய்யும் அரச நிறுவனங்களே பெரிய வாடிக்கையாளர். மேற்கு வங்கத்தின் ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகள் இன்னும் ஓடுவது இந்த நிச்சயமான ஓடரால்தான். மானியத்தைவிட இதையே பெரிய உதவி என்பேன்.

அந்த ஆதரவு தொழிலாளிக்குப் போய்ச் சேருகிறதா? (கோப்பாய்)

பாதிதான். விவசாயிக்கு ஒரு பிடிமானம் உண்டு: 2025-26 பருவத்துக்குக் கச்சாச் சணலின் ஆதார விலை குவிண்டாலுக்கு 5,650 இந்திய ரூபா. சந்தை விலை அதற்குக் கீழே விழுந்தால், 1971இல் தொடங்கிய இந்தியச் சணல் கழகம் வாங்கவேண்டும். ஆலையில் நிற்பவருக்கு அப்படி ஒன்றில்லை. நிரந்தரப் பதிவில் இருப்பவருக்குச் சேமலாப நிதியும் மருத்துவக் காப்புறுதியும் உண்டு. 'பத்லி' தொழிலாளிக்கோ, நிரந்தரக்காரர் வராத நாளில்தான் வேலை. கச்சாச் சணல் தட்டுப்பட்டாலோ ஓடர் குறைந்தாலோ ஆலை வாசலில் 'வேலை இடைநிறுத்தம்' என்று அறிவித்தல் தொங்கும். அன்றோடு கூலியும் நின்றுவிடும்.

பங்களாதேஷைப் பாருங்கள். 2010இலேயே சணல் பொதியிடலைக் கட்டாயமாக்கிய நாடு, 2020 ஜூலையில் 25 அரச ஆலைகளை மூடியது. சாக்கைக் காக்கிற சட்டம் அதை நெய்பவரையும் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஓடர் கொடுக்கும்போதே தொழிலாளரைப் பதிவதையும் சம்பள நிலுவை வைக்காததையும் நிபந்தனையாக்கவேண்டும்.

நெல்லு வெட்டின வயலில் சணல் விதைக்கிறோமே, அதில் சாக்குச் செய்யலாமா? (சாவகச்சேரி)

அது வேறு செடி. மஞ்சள் பூப் பூக்கும் அவரையினம். அதிலும் நார் உண்டு, ஆனால் நாங்கள் பசளைக்காகப் பூக்கிற பருவத்திலேயே உழுது மடிக்கிறோம். சாக்குச் சணலின் தண்டை இரண்டு மூன்று கிழமை தண்ணீரில் ஊறப்போட்டே நார் உரிப்பார்கள். கிணற்றை நம்பித் தோட்டம் செய்கிற குடாநாட்டுக்கு அது வேண்டாம்.

பனைக்கும் இப்படி ஆதரவு கேட்கலாமா? அப்பா கள்ளுச் சீவல் தொழிலாளி. (பண்டத்தரிப்பு)

கேளுங்கோ பிள்ளை. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது, ஆராய்ச்சி நிறுவனம் கைதடியில் இருக்கிறது. பயிற்சியும் கண்காட்சியும் நல்லதுதான், ஆனால் விற்பனை நிச்சயமில்லாமல் பெண்கள் எத்தனை பெட்டிதான் இழைப்பார்கள்? அரச அலுவலகங்களும் பாடசாலைகளும் வாங்கும் கூடை, தும்புத்தடியில் ஒரு பங்கு பனைப்பொருளாக இருக்கவேண்டும் என்று கேளுங்கோ.

தும்பு வேலைத்தலத்திலோ கள்ளுப் போத்தலில் அடைக்கும் இடத்திலோ சம்பளத்துக்கு நிற்பவர் என்றால் உரிமை இப்போதே உண்டு: ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். சேமலாப நிதியைக் கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்குக் கள்ளு அளந்து காசு வாங்குபவர் என்றால் கதை வேறு. மரத்தால் விழுந்தால் சங்கம் என்ன கொடுக்கும், வேலைசெய்ய முடியாத மாதங்களுக்கு என்ன வழி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கோ. அடுத்த சீவல் பருவத்துக்கு முதல் கேளுங்கோ.