கேட் இல்லாத டோல்: தரகருக்கு ஏன் காசு?

கேள்வி: பாரிஸில் வாடகைக் கார் எடுத்து ஜிவெர்னி, எத்ரெத்தா பாறைகள், மோன் சேன் மிஷெல் என்று நார்மண்டியைச் சுற்றப் போகிறோம். அங்கே டோல்கேட்டே இல்லையாம், கட்டாவிட்டால் அபராதமாம். நாங்களே கட்டித் தருகிறோம் என்று ஓர் இணையதளம் 30 யூரோ கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பாரிஸிலிருந்து நார்மண்டியின் கான் (Caen) நகருக்குப் போகும் ஏ13 நெடுஞ்சாலையில் 2024-இல் கேட்டையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மேலே இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் அந்தச் சாலையை நடத்தும் சானெஃப் (Sanef) நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பிளேட் எண்ணைப் போட்டு, கார்டில் கட்ட வேண்டும். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. கூகுளில் தேடியதும் விளம்பரமாக முன்னால் வந்து நிற்கும் தளங்களை நம்பாதீர்கள். 'டோல் பாக்கி' என்று குறுஞ்செய்தி வந்தால் லிங்கைத் தொடவே தொடாதீர்கள். கார் உங்கள் பெயரிலேயே இல்லை; உங்கள் செல் எண் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கட்ட மறந்தால் நோட்டீஸ் கார் கம்பெனிக்குப் போகும். அவர்கள் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கென்று தனியாக ஒரு தொகையை உங்கள் கார்டில் பிடிப்பார்கள். அபராதம் வேறு, 60 நாள் தாண்டினால் 375 யூரோ. நோட்டீஸ் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள், அபராதத்தைக் குறைத்துக் கட்டக் கிடைக்கும் சலுகை நாட்கள் போயே போய்விடும். பூத்தில் இருந்த ஆளை எடுத்துவிட்டு அவர் வேலையை நம் தலையில் கட்டினார்களே, வெளியூர்க்காரன் என்ன செய்வான் என்று ஒருவராவது யோசித்திருக்கலாம்.

ஒரே விதிவிலக்கு. சில வாடகைக் கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் நம் ஃபாஸ்டேக் மாதிரி ஒரு கருவி இருக்கும். இருந்தால் டோல் தானாகப் போய்விடும், நீங்கள் கட்ட வேண்டாம். ஆனால் கருவி இருப்பது வேறு, உங்கள் ஒப்பந்தத்தில் அது சேர்ந்திருப்பது வேறு. சாவி வாங்கும்போதே கேளுங்கள்: கருவி வேலை செய்கிறதா, அதற்கு நாள் வாடகை உண்டா, டோல் யார் பொறுப்பு? பதிலை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

அவசரம் இல்லையென்றால் ஜிபிஎஸ்ஸில் டோல் சாலையைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். ஜிவெர்னியிலிருந்து சேன் நதியை ஒட்டியே போனால், இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் 1190-களில் கட்டிய கய்யார் கோட்டை வரும். அப்புறம் ஜுமியேஜ் மடத்தின் இடிபாடுகள். அங்கே காரோடு ஏற்றி அக்கரையில் விடும் படகு இலவசம். கானைத் தாண்டினால் ஏ84-க்கும் டோல் கிடையாது. மோன் சேன் மிஷெலில் பார்க்கிங்குக்குக் காசு உண்டு, அங்கிருந்து போகும் பஸ்ஸுக்கு இல்லை.