பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவரின் பணி என்ன?

இசைத்துறைத் தலைவர் என்பவர் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், தேர்வு, ஆய்வு ஆகியவற்றை ஒருங்கிணைத்து, அவற்றுக்காகப் பல்கலைக்கழகத்திடம் பொறுப்பேற்பவர். இப்பொறுப்பு ஏன் தேவைப்படுகிறது என்றால், குருகுலத்தில் சீடரின் வளர்ச்சிக்கேற்பக் குருவே பாடத்தை நீட்டவும் குறுக்கவும் முடிந்தது. பல்கலைக்கழகத்திலோ குரல், வீணை, மிருதங்கம் எனப் பிரிந்த மாணவர்கள் அனைவரும் ஒரே பருவத்துக்குள் தேர்வெழுத வேண்டியிருப்பதால், தனித்தனியே கேட்டுத் திருத்த வேண்டிய கலையை நேர அட்டவணைக்குள் சிதையாமல் பொருத்த ஒருவர் வேண்டும். என் பார்வையில் இப்பணியின் மிகக் கடினமான பகுதி இதுவே.

கல்யாணச் சமையலின் தலைமைச் சமையற்காரர் எல்லாவற்றையும் தாமே கிளறுவதில்லை. ஆளும் அடுப்பும் சரக்கும் பந்தி நேரத்துக்கு ஒத்துவரச் செய்கிறார். துறைத்தலைவரும் அப்படித்தான்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்குத் தலைமை வகித்த டைகர் வரதாச்சாரியார் மேடைப் பாடகர். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையை வழிநடத்திய பி. சாம்பமூர்த்தியோ இசையியல் அறிஞராகவே பெரிதும் அறியப்பட்டவர். இருவகைப் புலமையும் இப்பதவிக்குப் பொருந்தியிருக்கிறது.

இப்பதவி சிறந்த வித்துவானுக்கு அளிக்கப்படும் பட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது, பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களிடையே சுழற்சி முறையில் மாறிவரும் நிர்வாகப் பொறுப்பு.