டிவிக்குப் பூட்டு: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

டிவி மெனுவில் பேரன்டல் லாக் போட்டேன். ஆனாலும் மகன் எல்லாச் சேனலையும் பார்க்கிறான். டிவியில் கோளாறா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

கோளாறில்லை. உங்கள் வீட்டில் சேனலை மாற்றுவது செட்டாப் பாக்ஸ். அது அனுப்பும் படத்தை ஹெச்டிஎம்ஐ வயரில் வாங்கிக் காட்டுவதோடு டிவியின் வேலை முடிந்தது. எந்தச் சேனல் ஓடுகிறது என்பதே அதற்குத் தெரியாது. பூட்டைப் பாக்ஸில்தான் போட வேண்டும். பாக்ஸ் ரிமோட்டில் மெனு, செட்டிங்ஸ், அதற்குள் பேரன்டல் லாக் அல்லது சேனல் லாக் இருக்கும். முதலில் பின் நம்பரை மாற்றுங்கள். பல பாக்ஸ்களில் 0000 அல்லது 1234 என்றே வரும். பிள்ளைகள் முதலில் தட்டிப் பார்ப்பதும் அதைத்தான்.

அப்புறம் சேனல்களை ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். உங்கள் பக்கம் தமிழ், மலையாளம் இரண்டும் வரும். ஒரு மொழியோடு நிறுத்திவிடாதீர்கள். ‘ஏ’ சான்றிதழ் படங்களை அப்படியே சேனலில் ஒளிபரப்ப விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால் சினிமாச் சேனல்களைவிட எனக்குக் கவலை தருபவை, கொலையையும் கடத்தலையும் நடித்துக்காட்டும் குற்ற நிகழ்ச்சிகள்தான். அவை வரும் சேனல்களை முதலில் பூட்டுங்கள்.

பேத்திக்கு 5 வயது. யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட் போட்டால் போதுமா? (வாசகர், குமுளி)

போதாது ஐயா. பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் வசதிதான் அது. ரிமோட் கையில் இருக்கும் யாரும் அதை அணைத்துவிடலாம். குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸில் பேத்திக்கு ஒரு புரொஃபைல் போட்டு, டிவியின் யூடியூப் ஆப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோர் செட்டிங்ஸில், நீங்கள் ஒப்புதல் தந்தவை மட்டும் வரும்படி ஒரு வசதி உண்டு. அதைத் தேர்ந்தால் நீங்கள் சேர்த்த வீடியோக்களும் சேனல்களும் மட்டுமே தெரியும், தேடலும் நின்றுவிடும். உட்கார்ந்து பொறுக்கிச் சேர்க்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்தான். இந்த வயதுக்கு அந்த மெனக்கெடல் அவசியம். உங்களுடையது கூகுள் டிவி என்றால் பேத்திக்குத் தனி புரொஃபைல் போட்டு, தினசரி நேர வரம்பும் வையுங்கள்.

ஓடிடியில் கிட்ஸ் புரொஃபைல் போட்டும் மகள் பெரியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டாள். எப்படி? (வாசகி, களியக்காவிளை)

உங்கள் புரொஃபைல் திறந்தே கிடந்திருக்கும். ஓடிடி ஆப்பைத் திறந்ததும் வரிசையாக வரும் புரொஃபைல் படங்களில் அம்மாவின் படத்தை அழுத்தினால் உள்ளே போய்விடலாமே! பெரியவர்களின் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் பின் போடுங்கள். 2021-இல் வந்த விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகை பிரித்துக் காட்ட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதியும் தர வேண்டும். மகளின் வயதுக்கேற்ற வகையை அவள் புரொஃபைலில் வரம்பாக வைத்துவிடுங்கள்.

பின் மறந்துபோச்சு. என்ன செய்ய? (வாசகர், செங்கோட்டை)

ஓடிடி பின் என்றால் கணக்கின் பாஸ்வேர்டை வைத்து மாற்றிவிடலாம். பாக்ஸ் பின்னுக்குக் கேபிள்காரரையோ டிடிஹெச் வாடிக்கையாளர் சேவையையோ கேளுங்கள். டிவியின் பின் என்றால் ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. அதற்கப்புறம் ஆப்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், போட்ட பூட்டும் போய்விடும். அன்றைக்கே திரும்பப் போட்டுவிடுங்கள்.