முதல் நாளை மட்டும் திட்டமிடுங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன், பத்து நாள் பயணம். அந்த நாட்டு மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. திருட்டு, ஏமாற்று என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பயந்து பயந்து ஊர் பார்ப்பதைவிடப் போகாமலே இருந்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கட்டாயம் போய்வாருங்கள், சகோதரி. பத்து நாளுக்கும் பரவிக் கிடக்கும் உங்கள் அச்சத்தை முதல் நாளுக்குள் அடக்கிவிடலாம். தூக்கம் கெட்டு, பெட்டியும் கையுமாக, எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் யாருக்கும் தடுமாற்றம் வரும். எனவே பகலில் தரையிறங்கும் விமானம், முதல் இரண்டு இரவுக்கான அறை, அங்கே போய்ச்சேரும் வழி ஆகியவற்றை வீட்டிலிருந்தே முடிவு செய்துவிடுங்கள். தங்குமிடத்தின் முகவரியை அந்த நாட்டு எழுத்திலேயே தாளில் அச்சிட்டுக் கைப்பையில் வையுங்கள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனாலும் தாளைக் காட்டி வண்டி ஏறலாம்.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். அது காலாவதியாக இன்னும் 6 மாதமாவது இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அவற்றின் அட்டையிலேயே கொண்டுபோங்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் எடுத்துச்செல்லவே முடியாது. நீங்கள் போகும் நாட்டின் விதி என்ன என்று அதன் தூதரகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, உங்களைப் பயமுறுத்தும் கதைகளுக்கு வருகிறேன். நாமாகப் போய் உதவி கேட்கும் மனிதர் வேறு, நம்மைத் தேடி வந்து உதவுகிறவர் வேறு. பாங்காக்கில் அரண்மனை வாசலருகே, "இன்று மூடியிருக்கிறது" என்று சொல்லி, ரத்தினக் கடைக்கு வண்டி ஏற்றிவிடுவது பழைய தந்திரம். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றடியில் மணிக்கட்டில் நூலைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். இரண்டிலும் பேச்சைத் தொடங்கியவர் நம்மைத் தேடி வந்தவர்தான். தலையசைத்துவிட்டு நிற்காமல் நடந்துவிடுங்கள். வழி தெரியவில்லை என்றால், குழந்தையோடு போகும் ஒரு தாயை நீங்களே தேர்ந்து கேளுங்கள். உலகில் பெரும்பாலானவர்கள் வழி சொல்லவே விரும்புகிறார்கள் என்பதை மனதார நம்புகிறேன்.

திருடர்களைவிடச் சாலைதான் எனக்குக் கவலை. வாகனங்கள் எதிர்ப்பக்கம் ஓடும் நாட்டில் நம் பழகிய கண் தவறான திசையைப் பார்க்கும். லண்டனில், சாலையின் வலப்பக்கம் வண்டி ஓடும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்காக, பல இடங்களில் 'வலப்புறம் பார்' என்று தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இரு பக்கமும், இரு முறை பாருங்கள்.

பணத்தில் ஒன்றே ஒன்று: உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று ஏடிஎம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

இரண்டாம் நாளிலிருந்து பிடியைத் தளர்த்துங்கள். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், எவ்வளவு, உதவி என்ற ஐந்து சொற்களை அவர்கள் மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, ஒரே பூங்காவுக்கு மூன்று நாள் காலையிலும் போய் உட்காருங்கள். மூன்றாம் நாள் யாராவது உங்களை அடையாளம் கண்டு புன்னகைக்கக்கூடும். அந்த ஊர் உங்களுக்குப் பழகத் தொடங்குவது அப்போதுதான். ஏதோ ஒரு மாலையில் வழி தவறினாலும் பதறாதீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை, ஆள் நடமாட்டம் உள்ள தெருக்களில் இன்னும் சற்று நடந்து பாருங்கள். முகவரித் தாள்தான் கைப்பையில் இருக்கிறதே.