விடுபட்ட விவரங்களுக்கு மாற்று விதி

கேள்வி: மாணவர் பட்டியலைக் கல்வி வளாகக் கணினித் தளத்தில் ஏற்றும்போது பல கட்டங்கள் காலியாக உள்ளன. அவற்றுக்கு மாற்று விதிகளை, அதாவது ஒரு விவரம் இல்லாதபோது அதற்குப் பதிலாக எதை எடுப்பது என்னும் விதிகளை, எவ்வாறு அமைப்பது?

பதில்: எந்த விவரத்துக்கு மாற்று தரலாம், எதற்குத் தரவே கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சொந்த மின்னஞ்சல் இல்லையெனில் நிறுவன மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுமாறு வரிசைமுறை வகுக்கலாம். ஆனால் பதிவெண்ணோ பிறந்த தேதியோ விடுபட்டிருந்தால், 01-01-1900 போன்ற ஒன்றை இட்டு நிரப்பாமல், அந்த வரியைத் தனிப் பட்டியலில் ஒதுக்கி, பொறுப்பு அலுவலரின் பார்வைக்கு அனுப்புவதே முறை. பொய்த் தேதி பின்னர் உண்மை போலவே உலவி, ஒரு மாணவரின் உதவித்தொகைத் தகுதியையே கெடுத்துவிடக்கூடும். மறுமுறை ஏற்றும்போது, காலிக் கட்டம் ஏற்கெனவே உள்ள சரியான விவரத்தை அழித்துவிடாதவாறும் விதி இருக்க வேண்டும். வெற்று இடைவெளி மட்டும் உள்ள கட்டத்தையும் காலியாகவே கருதச் செய்யுங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை.