கார் இல்லாத பாதை வேண்டும், மலையும் வேண்டும்

கேள்வி: எனக்கு 47 வயது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். வார இறுதிகளில் ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் இடித்துவிட்டுப் போனது. பெரிய காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பின்னால் வண்டிச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. ரோட்டில் ஓட்டுவதையே விட்டுவிட்டேன். வேலை இடத்துத் தோழிகள் மூன்று பேர் மே மாதம் ஸ்பெயினில் உள்ள ஜிரோனாவுக்கு ஐந்து நாள் கிராவல் (சரளைப் பாதை) சைக்கிள் பயணம் போகிறார்கள். "அங்கே கார் தொந்தரவே இல்லை, நீயும் வா" என்கிறார்கள். கணவரோ, "மலை, அதுவும் சரளைக்கல் பாதை, உனக்கு எதுக்கு?" என்கிறார். போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: போங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியது இதுதான். ஆனால் தோழிகளின் திட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், முதல் இரண்டு நாளை மட்டும் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பயப்படுவது கார்களுக்கு. உங்கள் கணவர் பயப்படுவது மலைக்கு. இரண்டுக்கும் ஜிரோனாவில் ஒரே விடை இருக்கிறது: பழைய ரயில் தடம்.

ஜிரோனாவிலிருந்து ஒரு காலத்தில் இரண்டு சிற்றகல ரயில் பாதைகள் ஓடின. தண்டவாளங்களுக்கு நடுவே முக்கால் மீட்டர் இடைவெளிதான். ஒன்று மலைப்பக்கம் ஓலோட் ஊருக்கு, 54 கிலோமீட்டர். இன்னொன்று 1892-ல் திறந்தது, கடற்கரையிலுள்ள சான்ட் ஃபெலியூவுக்கு, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரண்டும் 1969-ல் நின்றுபோயின. தண்டவாளம் போய்விட்டாலும் தடம் அப்படியே இருந்தது. அதன்மேல் மண் கொட்டி, இறுக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான பாதையாக மாற்றிவிட்டார்கள். சின்ன நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் தடம் போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, மெல்ல ஏறும்படிதான் போட்டார்கள். அன்று எஞ்சினுக்காகச் செய்தது இன்று உங்கள் முழங்காலுக்கு உதவுகிறது.

முதல் நாள் ஓலோட்டில் தொடங்குங்கள். அங்கே இப்போது ரயில் கிடையாது. வேன் ஏற்பாடு செய்துகொண்டு சைக்கிளோடு போய் இறங்குங்கள். சுற்றிலும் அணைந்துபோன எரிமலைகள், அவற்றின் மேல் பச்சைக் காடு. தொடக்கத்தில் கொஞ்ச தூரம் ஏறி, சுமார் 600 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைத் தாண்டினால், அப்புறம் ஜிரோனா வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான். அமெர், ஆங்க்லெஸ் என்று ஊர் ஊராக, பழைய ஸ்டேஷன் கட்டடங்களைக் கடந்து, கடைசியில் தேர் (Ter) என்ற ஆற்றை ஒட்டி வந்து சேர்வீர்கள். 54 கிலோமீட்டர் என்றதும் மலைக்காதீர்கள். வார இறுதிகளில் ஆற்றங்கரையில் ஓட்டுகிறவருக்கு, நடுவில் ஒரு நல்ல சாப்பாட்டோடு, இது ஒரு நாள் வேலை.

"காரே இல்லை" என்று தோழிகள் சொல்வதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். தடம் சில இடங்களில் ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. ஊருக்குள் நுழையும்போது அமைதியான தெருக்களில் கொஞ்ச தூரம் போக வேண்டிவரும். இது முன்னாலேயே தெரிந்தால் பயம் பாதி குறையும். தெரியாமல் திடீரென்று ரோட்டில் வந்து நின்றால்தான் கை நடுங்கும். அதனால் முந்தின இரவு தோழிகளோடு வரைபடத்தைத் திறந்து, எங்கெங்கே ரோடு வருகிறது என்று பார்த்து வைத்துவிடுங்கள். அந்த இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் தப்பே இல்லை. ஸ்பெயின் சட்டப்படி சைக்கிளைத் தாண்டும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதும் உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் தரும்.

இரண்டாம் நாள் கடலுக்குப் போகிற தடம். குவார்ட் ஊரில் மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நின்று பாருங்கள். அடுத்து காஸா, தக்கைத் தொழில் செய்யும் ஊர். பாட்டில் மூடிக்கான தக்கை ஓக் மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரிப்பார்கள், மறுபடி உரிக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பார்கள். உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் நிற்கும். பக்கத்துக் கவாரஸ் மலைக்காட்டில் இந்த மரங்கள் ஏராளம். இந்த ரயிலே ஒரு காலத்தில் தக்கையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. மே மாதம் சனி, ஞாயிறு இந்தத் தடத்தில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். முடிந்தால் வார நாளில் போங்கள்.

மூன்றாம் நாள்தான் உண்மையான கிராவல், கவாரஸ் மலைக்குள். பெரிய மலை இல்லை, உச்சியே 500 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆனால் காட்டுப் பாதை ரயில் தடம் மாதிரி இருக்காது. சட்டென்று செங்குத்தாக ஏறும், நூறு மீட்டரில் இறங்கும், திரும்பவும் ஏறும். இந்தக் காட்டுப் பாதையில் கார் என்று பார்த்தால் பெரும்பாலும் வனத்துறை ஜீப், தோட்டக்காரர்களின் வண்டிதான். அதுவும் மெதுவாக வரும், தூரத்திலேயே சத்தம் கேட்கும். மேலே எல்ஸ் ஆஞ்சல்ஸ் என்ற பழைய மலைக்கோயில் இருக்கிறது. ஓவியர் டாலியும் அவர் மனைவி காலாவும் 1958-ல் தேவாலயத் திருமணம் செய்துகொண்ட இடம். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பிரனீஸ் மலையில் மிச்சமிருக்கும் பனி. அந்த இடத்துக்காகவே இந்தப் பயணம் போகலாம் என்பேன்.

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறங்கும்போது சரளையில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடாமல் போகப் பழகுங்கள். உடம்பு கொஞ்சம் பின்னால், முழங்கை தளர்வாக, பார்வை போக வேண்டிய பக்கம். கல்லையே பார்த்தால் கல்லுக்குத்தான் சைக்கிள் போகும். இதைப் பழக ஸ்பெயினுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊருக்குத் தெற்கேயே ஷோன்புக் காடு இருக்கிறதே! உள்ளே சரளைப் பாதைகள் ஏராளம், பொது வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. பேபென்ஹாவுஸன் பக்கமிருந்து நுழைந்து, ஏப்ரலில் சில ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே ஏறி இறங்குங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் நேரில் பார்த்தால் எதிர்ப்பு குறையும்.

உங்கள் சைக்கிள் என்ன வகை என்று எழுதவில்லை. டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதைக் கொண்டுபோக வேண்டாம், ஜிரோனாவில் நல்ல கிராவல் சைக்கிளே வாடகைக்குக் கிடைக்கும். சைக்கிள் பந்தய வீரர்கள் நிறையப் பேர் தங்கிப் பயிற்சி செய்கிற ஊர் அது. மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: டியூப் இல்லாத டயர், டிஸ்க் பிரேக், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரம் முன்பல்சக்கரத்தைவிடச் சிறியதாக இல்லாத கியர். டயரில் 2 பார், 2.2 பார் (காற்றழுத்த அளவு) காற்று போதும். கல்லாக அடித்துவிட்டால் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து இடிக்கும். தோழிகள் வேகமாக ஓட்டுகிறவர்கள் என்றால் மலை நாளுக்கு மட்டும் மோட்டார் உதவி உள்ள சைக்கிள் எடுக்கலாம். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு தனியாக வருவதைவிட அது எவ்வளவோ மேல். ஹெல்மெட் ஊருக்கு வெளியே அங்கே கட்டாயம்.

மே மாதம் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்ட் என்று தள்ளிப்போட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெயில் கொல்லும், காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் மலைக்காட்டுக்குள் போகவே தடை போடுவார்கள். குளிர்காலத்தில் போனால் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும், 'பட்டூடா' என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. உங்கள் மே பயணத்தில் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று. யாராவது "ஜிரோனா வேண்டாம், இத்தாலியில் டஸ்கனிக்குப் போகலாம்" என்று சொல்லக்கூடும். அழகில் குறைவில்லை. ஆனால் அங்குள்ள வெள்ளைச் சரளைச் சாலைகளில் காரும் ஓடும், தாண்டிப் போனால் புழுதி கண்ணை மறைக்கும். இப்போதைக்கு உங்களுக்கு அது ஏற்றதில்லை. அப்புறம் ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம், ஐந்தாம் நாளை இப்போதே முடிவு செய்யாதீர்கள். மலை பிடித்துப்போனால் கவாரஸுக்குள் இன்னொரு வட்டம். களைத்துப்போனால் மொனெல்ஸ், பெரடல்யாடா பக்கம் வயல்வெளிகளுக்கு நடுவே கல் வீடுகள் உள்ள பழைய ஊர்களைச் சுற்றலாம். அந்தச் சமவெளியில் வடக்கேயிருந்து பலத்த காற்று அடிக்கும் நாள் உண்டு. அன்று காலையில் காற்றை எதிர்த்துப் போய், மதியம் அது முதுகில் தள்ளத் திரும்பி வரும்படி பாதையை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத்தான் தொடங்கும், மூன்றரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கைப்பையில் வாழைப்பழமும் ரொட்டியும் எப்போதும் இருக்கட்டும்.